தண்ணீர் ஏறுவதற்குள்

ஏப்ரல் 30, 2025, புதன் – பாதி வழியில் இறக்கிவிட்டார்கள்

அத்தை என்றால் என் மாமியார். பாளையங்கோட்டையில் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மார்ச் கடைசியில் எங்களோடு இருக்க ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வந்தார். பாரிஸ் போகலாமா, சுவிஸ் பனிமலை பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டதற்கெல்லாம் "பாப்போம், பாப்போம்" என்று தட்டிக் கழித்துவிட்டு, ஒருநாள் அடுப்படியில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "போடன்சே ஏரிக்கரையில பட்டர்கப்னு சின்னதா ஒரு மஞ்சப் பூச்செடி இருக்கும்மா. கோடை பூரா தண்ணிக்குள்ள கிடக்குமாம். தண்ணி ஏறதுக்குள்ள போனாத்தான் பாக்க முடியும். கூட்டிட்டுப் போவியா?"

மே 1 விடுமுறை. வெள்ளிக்கு லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்து கிடைக்கும். என் கணவருக்கு வேலை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

டிக்கெட் கதையெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ரயில் பாதி வழியில் ஒரு சின்ன ஊரில் நின்று, இதற்கு மேல் போகாது, எல்லோரும் இறங்கி மாற்றுப் பஸ் பிடியுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஸ்டேஷன் வாசலில் முக்கால் மணி நேரம். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன், பதினாறு வயது இருக்கலாம், எங்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தை மூடியில் ஒரு கை வைத்து நீட்டினார். வாங்கித் தின்றுவிட்டு, பஸ் வந்ததும் எங்கள் இரண்டு பெட்டியையும் அவனே தூக்கி வைத்தான். பஸ் வளைந்து வளைந்து போனதில் எனக்குத்தான் தலை சுற்றியது. அத்தை தூங்கிவிட்டார்.

ஏரிக்கரை ஊரான கான்ஸ்டன்ஸ் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை. தங்கும் அறை சுத்தம், ஜன்னல் சின்னது, இரவுக்கு 118 யூரோ. ஏரிப் பக்கம் என்று போட்டிருந்தார்கள். ஏரி தெரியவில்லை.

மே 1, வியாழன் – வெயில், மூடிய கடைகள், கிடைக்காத மீன்

காலை பதினொரு மணிக்கே 27 டிகிரி. மே முதல் தேதியில் இப்படியா என்று விடுதிக்காரம்மா கையால் விசிறிக்கொண்டார். தொழிலாளர் தினம் என்பதால் சூப்பர் மார்க்கெட் முதல் செருப்புக் கடை வரை எல்லாம் பூட்டு. திறந்திருந்தவை ஐஸ்கிரீம் கடைகள்தான். ஒரு கரண்டி 1.90. வாசலில் ரேஷன் கடையில் நிற்பது மாதிரி வரிசை.

போடன்சே பெரிய ஏரி. 536 சதுர கிலோமீட்டர், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்று நாட்டுக்கும் கரை உண்டு. ரைன் நதி ஒரு பக்கம் உள்ளே வந்து இன்னொரு பக்கம் வெளியே போகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதே இந்தத் தண்ணீர்தான். சிப்ளிங்கன் என்ற ஊரருகே 60 மீட்டர் ஆழத்தில் எடுத்து, சுமார் 40 லட்சம் பேருக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். இதை அத்தையிடம் சொன்னதும், "அப்போ ஒரு மாசமா நான் குடிச்சது இதுதானா" என்று ஏரியைப் புதிதாக ஒருமுறை பார்த்தார்.

நம் ஊர் ஏரி ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து சித்திரையில் காயும். இது நேர் தலைகீழ். மழைக்காலம் என்ற கணக்கே கிடையாது, எல்லாம் ஆல்ப்ஸ் பனியின் கணக்கு. குளிர்காலத்தில் மலையில் விழுவது பனியாகவே கிடந்துவிடும், ஏரி வற்றும். பிப்ரவரி வாக்கில் அடிமட்டம். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருக உருக மேலே வரும். ஜூன், ஜூலையில் உச்சம். சராசரியாக ஒன்றரை மீட்டர் ஏறி இறங்கும். இவ்வளவு பெரிய ஏரியாக இருந்தும் வெளியேறும் இடத்தில் அணை, மதகு எதுவும் கட்டவில்லை. பக்கத்து மலையேரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மதகு போட்டு மட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். இதை ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள். அத்தையின் செடி இன்னும் இருப்பதற்கு முதல் காரணம் அந்த விட்டுவைத்தல்தான் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

இந்த வருடம் மலையில் பனி குறைவு, மழையும் சரியாக இல்லை. ஏரி நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தது. படகுத்துறைப் படிகள் கல்லில் முடிந்தன, தண்ணீர் அதற்கும் தள்ளி இருந்தது. வெள்ளைக் கூழாங்கல் பரப்பில் ஆட்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். பீர்ப் பெட்டி வைத்த கைவண்டியை இழுத்துக்கொண்டு பாட்டுப் போட்டபடி ஒரு கூட்டம். கல்லுக்கு நடுவே பச்சையாக எது தெரிந்தாலும் அத்தை குனிந்தார். குனிந்த இடத்திலெல்லாம் சாதாரணப் புல்.

துறைமுக முனையில் இம்பேரியா சிலை. 1993இல் பீட்டர் லெங்க் செய்தது, 9 மீட்டர் உயரம், மெதுவாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும். தாராளமான உடையில் ஒரு பெண், இரண்டு உள்ளங்கைகளிலும் பொம்மை மாதிரி இரண்டு அம்மண ஆண்கள், ஒருவன் தலையில் ராஜ கிரீடம், இன்னொருவன் தலையில் போப்பின் கிரீடம். 1414 முதல் 1418 வரை இந்த ஊரில் நடந்த திருச்சபை மாநாட்டை நக்கல் செய்தது. அத்தை முழு ஒரு சுற்று முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, "தைரியமான ஊரு" என்றார்.

இரவு மீன் சாப்பிட உட்கார்ந்தோம். இந்த ஏரி என்றாலே ஃபெல்ஷன் மீன்தான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கேட்டால், இல்லை. மீன் அவ்வளவு குறைந்துபோய், 2024 ஜனவரியிலிருந்து மூன்று வருடத்துக்குப் பிடிக்கவே தடை. பட்டியலில் ஃபெல்ஷன் என்று அச்சடித்த வரியின் மேல் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். பரிமாறிய பெண், வேறு நாட்டிலிருந்து வரும் ஃபெல்ஷனை விற்கும் கடைகளும் உண்டு, எங்கள் முதலாளி அதைச் செய்ய மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். சாண்டர் மீன் வறுவல், உருளைக்கிழங்கு சாலட், 26.50. மேலே தோல் மொறுமொறு, உள்ளே உப்பில்லை. அத்தை கைப்பையிலிருந்து மிளகுத்தூள் எடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், பிறகு நானும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி – முழங்காலில் ஒரு காலைப்பொழுது

ரைஷெனாவ் தீவுக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் பாப்ளர் மரங்கள். அதன் வடக்கிலும் தெற்கிலும் நாணல் காடு. வோல்மாட்டிங்கர் ரீட் என்று பெயர், 1930 முதல் பாதுகாக்கப்பட்ட சதுப்பு. உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம். எங்களுக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. தன்னார்வலர். வருடா வருடம் கரைப்புல் வெளியில் செடி எண்ணும் கூட்டத்தில் ஒருவராம். வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு நேராக எங்கள் செருப்பைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தோட்டக்காரர்கள் கட்டும் பச்சை நிற முழங்கால் மெத்தை இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தார். "இன்று நடப்பது குறைவு, முட்டி போடுவது அதிகம்."

நாணலுக்குள் பெரிய நாணல் கதிர்க்குருவி கத்திக்கொண்டே இருந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது, மரக்கதவு கீச்சிடும் சத்தம். கொசு நிறைய. பிறகு கரைக்கு வேறு ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். எந்த இடம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. நாணல் இல்லாத, சரிவு குறைந்த கூழாங்கல் கரை. குளிர்கால நீர்மட்டத்துக்கும் கோடை நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு பட்டை. பச்சையின் மேல் கால் படாமல், கல்லில் மட்டும் மிதித்து வரச் சொன்னார்.

தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புல்தரை போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுப் போனது போல இருந்தது. முட்டி போட்டுக் குனிந்ததும் அது புல்லாகவே இல்லை.

முதலில் கண்ணில் பட்டது நீலம். போடன்சே மறவாதே பூ, மயோசோட்டிஸ் ரேஸ்டைனரி. விரல் உயரம்கூட இல்லை, கொத்துக் கொத்தாக. அதன் அடியில் ஊசி ஊசியாக விறைத்து நிற்கும் இலைக்கொத்து லிட்டோரெல்லா. ஆண் பூ ஒரு காம்பின் மேல், அதிலிருந்து மகரந்தத் தாள்கள் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பெண் பூ அடியில், இலைக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை பூக்காது. வெளியே வந்து காய்ந்த சில வாரங்களில்தான் பூக்கும்.

"ரனன்குலஸ் ரெப்டன்ஸ்," என்றார் பாட்டி, கட்டைவிரல் நகத்தைக் கல்லோரம் வைத்துக் காட்டி. அத்தை தேடி வந்த பட்டர்கப்பின் லத்தீன் பெயர் அது.

நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அத்தை லென்ஸை எடுத்து, ஏறக்குறைய தரையில் கன்னம் படும் அளவுக்குச் சாய்ந்தார். பிறகு எனக்கும் தெரிந்தது. தையல் நூல் கனத்துக்கு ஒரு தண்டு. கல்லின் மேல் சின்ன வில் போல வளைந்து, இறங்கிய இடத்தில் வேர் விட்டு, அங்கே நாலைந்து மெல்லிய இலை வைத்து, மறுபடி வில்லாக எழும்பி அடுத்த இடத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு கணுவிலும் இது நடக்கிறது. இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். அந்தத் தண்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் அது இன்னொரு தண்டுக்கு அடியில் நுழைந்து, கல்லுக்குப் பின்னால் போய், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை.

பூ இருந்தது. ஐந்து மஞ்சள் இதழ், சட்டைப் பித்தானை விடச் சிறிசு. எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, பட்டர்கப் குடும்பத்துக்கே உள்ளது. பக்கத்துக் கணுக்களில் பூ இல்லை. அங்கெல்லாம் புதுச் செடி. ஒரு கணுவின் மொட்டு பூவாகவும் போகலாம், வேர் விட்டுத் தனிச் செடியாகவும் போகலாம். இரண்டும் ஒன்றாக முடியாது. விதையா, பரவலா என்று ஒவ்வொரு கணுவிலும் தீர்ப்பு.

பாட்டிக்கு ஜெர்மன், கொஞ்சம் ஆங்கிலம். அத்தைக்கு ஆங்கிலம், தமிழ். நடுவில் நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. இருவரும் லத்தீன் பெயர்களிலேயே பேசிக்கொண்டார்கள். "ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ்," என்று அத்தை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கொடைக்கானலுக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் சோலைப் புல்வெளியில் காட்டும் நம்மூர் பட்டர்கப் அது. பாட்டி உடனே உயரத்தைக் கையால் கேட்டார், அத்தை முழங்காலுக்குக் கீழே காட்டினார். பாட்டி உதட்டைப் பிதுக்கி, மிகப் பெரிது என்பது போலத் தலையாட்டினார்.

நான் கேட்ட கேள்வி வேறு. இவ்வளவு சிறிய செடி, மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்தால் அழுகாதா? வெள்ளத்தைத் தடுத்தால் இன்னும் நன்றாக இருக்காதா? பாட்டி எழுந்து, பத்தடி மேலே ஏறிப் போய், கரையின் மேட்டில் அடர்ந்திருந்த ஒரு புல்லைக் காலால் காட்டினார். அக்ராஸ்டிஸ் என்ற படர்புல். தண்ணீர் ஏறாத வருடங்களில் இந்தப் புல் கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நூல் தண்டுச் செடியால் அதோடு போட்டி போட முடியாது. தண்ணீர் ஏறினால் புல் தளர்ந்துவிடும், இது மூச்சைப் பிடித்துக்கொண்டு இலையோடு கிடந்து, வடிந்ததும் மறுபடி கிளம்பும். இன்னொரு சங்கதி: தாழ்வில் முளைக்கும் செடியும் சில மீட்டர் தள்ளி மேட்டில் முளைக்கும் செடியும் பார்க்க ஒன்றுதான், ஆனால் வெள்ளத்துக்குப் பழகிய விதம் பிறவியிலேயே வேறு என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அத்தை இதைக் கேட்டதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

அதற்காக எவ்வளவு வெள்ளம் வந்தாலும் நல்லது என்று இல்லை. 1999 மே மாதம் கான்ஸ்டன்ஸ் அளவுகோலில் 5.65 மீட்டர் வரை ஏறியது. அந்த வருடம் தண்ணீர் வடியவே மாட்டேன் என்று நின்றதில் கரைப்புல் வெளிகள் பல இடங்களில் போய்விட்டன. பிந்தைய வறண்ட வருடங்களில் மெல்ல மீண்டன. அதற்கும் முன்னால் சாக்கடை. ஊர்க் கழிவும் சோப்புத்தூளும் கலந்து, 1979 வாக்கில் ஏரியில் பாஸ்பரஸ் ஒரு கன மீட்டருக்கு 87 மில்லிகிராம் வரை போயிருக்கிறது. பாசி திரள் திரளாகக் கரையேறி இந்தச் செடிகளின் மேலேயே அழுகும். மூன்று நாடும் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டி, இப்போது பத்துக்கும் கீழே. ஆனால் போனது ஒன்று திரும்பவில்லை. பாட்டி ஒரு படம் காட்டினார்: காய்ந்து பழுத்த தாளில் ஒட்டிய ஊதாப் பூச்செடி. போடன்சே சாக்ஸிஃப்ரேஜ். பனியுகத்தில் பனிப்பாறையோடு இறங்கி வந்து, இந்தக் கரையில் தங்கிப்போன மலைச்செடி. உலகத்தில் இங்கே மட்டும்தான் இருந்தது. இப்போது உலர்த்தி ஒட்டிய தாள்களில் மட்டும்.

பட்டர்கப்புக்கு அந்த நிலை இல்லை. ஸ்காண்டிநேவியாவிலும் கனடாவிலும் போனால் தாராளமாகக் கிடைக்குமாம். ஜெர்மனிக்குள்தான் அருமை, அதிலும் பெரும்பங்கு இந்தக் கரையில். "அப்போ அங்கேயே பாத்துக்கலாம்னு விட்டுட முடியுமா?" என்று அத்தை தமிழில் கேட்டதைப் பாட்டி என்ன புரிந்துகொண்டாரோ, பலமாக ஆமோதித்தார்.

மதியம் தீவில் டுன்னலே சாப்பிட்டோம். மெல்லிய ரொட்டி மாவின் மேல் புளித்த பாலேடு, வெங்காயத்தாள், 11.50. நேற்றைய மீனை விட ஆயிரம் மடங்கு மேல். தீவு முழுக்கக் கண்ணாடிக் கூடாரங்கள், வெள்ளரி, தக்காளி, கீரை. வீட்டு வாசலில் ஒரு மேசை, அதில் முள்ளங்கிக் கட்டு, பக்கத்தில் தகரப் பெட்டி, அட்டையில் விலை 1.20. ஆள் இல்லை. என்னிடம் இரண்டு யூரோ நாணயம்தான். மீதி எடுக்கப் பெட்டியைத் திறக்க முடியாது. அத்தை இரண்டாவது கட்டை எடுத்துக்கொண்டு, பர்ஸ் அடியிலிருந்து 40 சென்ட்டைத் துழாவிப் போட்ட பிறகே நகர்ந்தார்.

மே 3, சனி – அண்ணையின் தேநீர், புயல் விளக்கு

கான்ஸ்டன்ஸிலிருந்து நடந்தே சுவிட்சர்லாந்துக்குள் போய்விடலாம். ஏரியோரம் எல்லையில் வேலி கிடையாது, வரிசையாகச் சிலைகள் நிற்கின்றன. ஜெர்மன் பக்கத்திலிருந்து நிறைந்த பைகளோடு சுவிஸ்காரர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். விலை வித்தியாசம் அப்படி. க்ரொய்ட்ஸ்லிங்கனில் ஒரு காபி 5.20 ஃபிராங்க். குடிக்கவில்லை.

அங்கே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில் மரவள்ளிக் கிழங்கு வெளியே வைத்திருந்தது. உள்ளே யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும், "எங்கயிருந்து வாறியள்?" என்றார். திருநெல்வேலி என்றதும் அத்தைக்கு ஸ்டூல் வந்தது. "இருங்கோ அம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." காசு வாங்கவே இல்லை. எண்பதுகளில் வந்தவராம். எதைப் பார்க்க வந்தோம் என்று சொன்னோம். "முப்பது வருசத்துக்கு மேல இந்த ஏரிக்கரையில நடக்கிறன், ஒருநாளும் கண்டதில்லை" என்றார். அத்தை செல்பேசியில் படத்தைக் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலதானே நாங்கள் பாய் விரிச்சு இருக்கிறனாங்கள்!" என்று சிரித்தார். அடுத்த தரம் பார்த்து விரிப்பாராம்.

அங்கிருந்து ரயிலில் தென்கரை வழியாக ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ். மேரராவ் மடத்தைத் தாண்டிய கரையிலும் இதே கரைப்புல் வெளி உண்டு. கயிறு கட்டி, மிதிக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நீல மறவாதே பூ இங்கே இன்னும் அடர்த்தி. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்ததில் மஞ்சள் ஒன்றும் தட்டுப்படவில்லை. கயிற்றைத் தாண்டி ஓர் ஆள் நாயோடு நடந்து போனார். பலகையைக் காட்டி ஒரு சிறுமி அவரிடம் ஏதோ சொன்னாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார், நாய்தான் வர மனமில்லாமல் நின்றது.

மூன்று மணிக்குக் கரையெங்கும் ஆரஞ்சு விளக்கு மின்ன ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 40 முறை என்றால் பலத்த காற்று வரலாம், 90 முறை என்றால் புயல். அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, "நாப்பதுதான், நேரம் இருக்கு" என்றார். கால் மணி நேரத்தில் தொண்ணூறு ஆனது. அடுத்த ஐந்து நிமிடத்தில் மழை. குடை திரும்பிக் கம்பி ஒடிந்தது. முந்தாநாள் 27 டிகிரி, இப்போது பல் தந்தியடிக்கிறது. ஸ்டேஷனில் தொப்பலாக நின்றபோது அத்தை நோட்டுப் புத்தகத்தை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தார். அது நனையவில்லை.

மே 4, ஞாயிறு – திரும்பும் ரயில்

குளிர், தூறல், 11 டிகிரி. எனக்கு இரண்டு முழங்காலிலும் கூழாங்கல் பதிந்த தழும்பு, அத்தைக்கு இடுப்பு வலி. காலை ரொட்டிக்கடையில் ஸேலன் என்னும் நீள ரொட்டி, மேலே சீமைச் சீரகம், கல்லுப்பு, 2.10. சீரக வாசனை மாதிரி இருந்ததால் இரண்டு வாங்கினோம். இந்த முறை ரயில் நேரத்துக்கு வந்து, நேராகவும் போனது.

சிங்கன் தாண்டும்வரை அத்தை பேசவில்லை, விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டி சொல்லியிருந்தார், கோடையில் ஏறிய தண்ணீர் செப்டம்பரில் இறங்கியதும் செடிகள் மறுபடி வெளியே வரும், சில சமயம் இரண்டாம் முறை பூக்கும் என்று. அத்தையின் விசா 180 நாளுக்குள் 90 நாள். ஜூன் கடைசியில் ஊருக்குப் போய்விட்டால், 180 நாள் கணக்குப்படி மறுபடி உள்ளே வரச் செப்டம்பர் கடைசி ஆகிவிடும்.

"ஏம்மா, அக்டோபர் முதல் வாரம் பூ இருக்குமான்னு அந்தம்மாவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளேன். அப்படியே அந்த முட்டி மெத்தை எந்தக் கடையில வாங்கினாங்கன்னும் கேட்டுரு."

டிக்கெட் விலையைச் சொன்னேன். என் கணவரிடம் அவரே பேசிக்கொள்வாராம்.